இருபத்திமூன்றாம் படம்

ரஞ்சிதா போட்ட இருபத்திரண்டு படங்களில் ஒன்றுகூட அவளுக்கே பிடிக்கவில்லை.

அக்டோபர் மாதம் முழுக்க நாளைக்கு ஒரு படம், அதுவும் இங்க்கில் மட்டும். படம் போடுகிற பிள்ளைகள் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் வைத்த போட்டி அது. தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு சொல் வரும். அந்தச் சொல்லுக்குப் படம் போட வேண்டும். பென்சில் கூடாது, ரப்பர் கூடாது. இழுத்த கோடு இழுத்ததுதான்.

மூன்றாம் நாள் சொல் 'சக்கரம்'. லாரி டயர் போட்டாள். சத்தீஸ்கரில் ரிக் வண்டியில் ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொண்டிருந்த அப்பா கந்தவேலுக்கு அனுப்பினாள். "என்ன கண்ணு, ஊட்டுல வடை சுட்டீங்களா?" என்று அவருடைய குரல் வந்தது. ஒன்பதாம் நாள் கோழி. "ஏனுங்க அம்மிணி, இது கோழிங்களா நாயிங்களா?" பின்னால் ரிக் வண்டியின் இரைச்சலோடு நாலைந்து பேர் சிரிப்பதும் கேட்டது.

அவர் என்ன சிரித்தாலும் படம் தினமும் அவர் போனுக்குப் போயாக வேண்டும். பேச்சு அப்படி.

பிளஸ் டூ முடித்ததும் சென்னையில் ஓவியக் கல்லூரிக்கு நுழைவுத்தேர்வு எழுத வேண்டும் என்று அவள் வாயைத் திறந்தது செப்டம்பர் கடைசியில். கந்தவேல் போனிலேயே பட்டியல் போட்டார். "டைப்ரைட்டிங் போனே, பரீட்சை எழுதாம உட்டே. இந்தி போனே, மூணு மாசம். தையல் கத்துக்கறேன்னே, அம்மா மிசின்ல ஊசி நாலு ஒடஞ்சதுதான் மிச்சம். நீ எதயாச்சும் முடிச்சிருக்கயா சாமி? பேசாம திருச்செங்கோட்டுல பி.காம் சேரு."

அவளுக்குச் சுருக்கென்றது. "முப்பத்தொரு படம் போடறேனுங்க. ஒரு நாள் உடாம."

"ஒரு நாள் உட்டா?"

"உட்டா நீங்க சொல்ற காலேஜு."

"ராத்திரி பன்னண்டுக்குள்ள என்ற போனுக்கு வந்தறோணும். மாசம் முழுக்க வந்துச்சுன்னா, மெட்ராசுக்கு நானே கூட்டீட்டுப் போறேன்."

சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, வீட்டுப்பாடம் எழுதி, ஒன்பது மணிக்கு மேல் நோட்டைப் பிரித்தால் கை கல்லாக இருக்கும். தொட்டு எழுதுகிற பேனாவின் நிப் தாளைப் பிராண்டும். மெல்லிய கோடு வேண்டிய இடத்தில் இங்க் சொட்டும். மனதில் இருக்கிற படம் ஒன்று, தாளில் வருவது வேறொன்று. இருபத்திரண்டாம் நாள் 'கண்ணாடி' என்று சொல் வந்து, கண்ணாடி பார்க்கும் அம்மாவைப் போட்டாள். சித்ரா எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு எப்பம்மா மீசை மொளச்சுது?" என்றாள். மூக்கின் கீழே இங்க் ஊறியிருந்தது. நோட்டைச் சுவரில் வீசப் போனவள், தாள் மடங்கிவிடுமே என்று மெதுவாக மேசையிலேயே வைத்தாள். கோபப்படக்கூட ஒழுங்காக வரவில்லை.

அன்று காலைதான் கந்தவேல் ஊர் வந்திருந்தார். மறுநாள் ஆயுத பூசை. ரிக் வண்டி அங்கேயே நிற்க, ஆட்களெல்லாம் இரண்டு நாளுக்கு வீடு வந்திருந்தார்கள். இருபத்திநாலாம் தேதி சாயங்காலம் சேலத்தில் ரயில் ஏற வேண்டும்.

மல்லசமுத்திரத்துக்கு வெளியே அந்தச் சின்ன வீட்டில், ராத்திரியோடு ராத்திரியாக முன்னறை மூலையில் எல்லாம் கூடின. கழுவித் துடைத்த ஸ்பேனர்கள், சித்ராவின் கத்தரிக்கோல், அளவு நாடா, பாடப்புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் தேய்ந்துபோன ஒரு பழைய பிட். பாறையைக் குடைகிற இரும்பு. சின்னக் குடம் அளவு இருக்கும், அதன் முகம் முழுக்கப் பித்தான் பித்தானாகக் கெட்டிக் குண்டுகள். கந்தவேல் துணிப்பையோடு வீடு முழுக்கச் சுற்றி ஃபிரிட்ஜ் மேல் கிடந்த பால்பாயிண்ட் பேனாவைக்கூட விடவில்லை. "ஒண்ணுகூட வெளிய இருக்கக்கூடாது. எழுதுறது, வெட்றது, முடுக்குறது எல்லாம் வரட்டும்."

ரஞ்சிதா நினைத்திருந்தால் ஒரு பேனாவை ஒளித்து வைத்திருக்கலாம். ஒளிக்கவில்லை. தானே நோட்டையும் பேனாவையும் இங்க் புட்டியையும் கொண்டுபோய் வைத்தாள். இந்தக் கையை அந்தச் சரஸ்வதிதான் சரிபண்ண வேண்டும் என்று அவளுக்கு உண்மையிலேயே தோன்றியது. போன வருசம் காலையில் பூசை முடிந்து சாயங்காலமே பாட நோட்டை எடுத்துப் படித்தாள். அந்த நினைப்பில் வைத்துவிட்டாள். போன வருசம் அப்பா வீட்டில் இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

காலை ஆறு மணிக்குச் சொல் வந்தது: 'கனம்'. ஏழு மணிக்குக் கந்தவேல் இங்க் புட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார், தையல் மிசினுக்கு மாலை போட்டார், சூடம் காட்டினார். பொரியும் சுண்டலும் தட்டில் வந்தன.

"நோட்டும் பேனாவும் சாயங்காலம் எடுத்துக்கறனுங்கப்பா" என்றாள் ரஞ்சிதா.

பொரி மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். "எதுக்கு?"

"இன்னைக்குப் படம் போடோணுமுங்க."

"நாளைக்குக் காலைல பூசையப் பிரிச்சுட்டு எடுத்துக்க."

"நாளைக்கு எடுத்தா நாளைக்குப் படந்தானுங்க வரும்? போன வருசம் சாயங்காலமே எடுத்தேனுங்க. அம்மாதான் குடுத்துச்சு."

சித்ரா ஓரக்கண்ணால் கணவனைப் பார்த்தாள். "புள்ளைக்குப் பரீட்சை இருந்துச்சுங்க. நீங்களும் ஊட்டுல இல்ல."

"நான் ஊட்டுல இல்லாட்டி சாமியும் இல்லையா?"

"சரிங்க. அப்ப இன்னைக்கு ஒரு நாளைக் கணக்குல சேத்தாதீங்க" என்றாள் ரஞ்சிதா.

"அதெப்படி? ஒரு நாள் உடாமன்னு சொன்னது நீயி. ஆயுத பூசை எந்தத் தேதின்னு அன்னைக்கே காலண்டரப் பாத்திருக்கோணும்."

"நீங்களும் பாக்கலீங்களே!"

"நான் எதுக்குப் பாக்கோணும்? படம் போடறது நானா?"

அவளுக்குத் தலைக்குள் வெடித்தது. பேனாவைத் தொடவும் கூடாது, படம் வராமலும் இருக்கக் கூடாது. ரெண்டையும் சொல்வது ஒரே வாய்.

"ஏனுங்க, புள்ள நாலு கோடு இழுத்தா என்னங்க ஆயிரும்?" என்றாள் சித்ரா.

கந்தவேல் இடது கையை மட்டும் தூக்கிக் காட்டினார். அந்தக் கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கிடையாது. பதினோரு வருசத்துக்கு முன்னால் ஓர் ஆயுத பூசை அன்றைக்கு, இன்னும் பத்தடி போனால் தண்ணி, முடித்துவிட்டுப் பூசை போடுங்கள் என்று ரிக் முதலாளி போனில் சொல்ல, இவர் வண்டியை ஓட்டினார். குழிக்குள் இறக்குகிற இரும்பு ராடு நழுவியது. அதற்கப்புறம் இந்த ஒரு நாளில் அவர் திருப்புளியைக்கூடத் தொட்டதில்லை.

சித்ரா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ரஞ்சிதா பின்கட்டுக்கு வந்து துவைக்கிற கல்லை ஓர் உதை உதைத்தாள். கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். கல்லின் மேலேயே உட்கார்ந்து அக்சிலியாவுக்குப் போன் போட்டாள். அக்சிலியா பள்ளியில் அவளுக்குப் பக்கத்து இடம். அதே போட்டியில் அவளும் இருந்தாள்.

"எங்க ஊட்டுல பேனாவெல்லாம் சும்மாதான் கெடக்குது புள்ள" என்றாள் அக்சிலியா. "நான் ஒண்ணு போட்டு அனுப்பறேன். நீ உங்கப்பாவுக்குத் தட்டி உட்டுரு."

"உன்ற கோடு எங்கப்பாவுக்குத் தெரியாதா?"

"டயரைப் பாத்து வடைங்கற மனுசனுக்கு என்ற கோடு தெரியுமாக்கும்!"

ரஞ்சிதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பின் பின்னாலேயே அழுகையும் வந்தது. "வேண்டா புள்ள. அப்பறம் மெட்ராசு போனாலும் இருபத்திமூணு உன்றதுன்னு எனக்குத் தெரியுமில்ல."

"அப்ப எங்கூட்டுக்கு வா. என்ற பேனாவுல நீயே போடு."

"அதும் பேனாதான? இன்னைக்கு நான் எந்தப் பேனாவையும் தொடக்கூடாது."

"அப்ப என்னதாம் பண்ணப்போற?"

"தெரியல போ. வெய்யி போனை."

பகல் நகரவில்லை. கந்தவேல் மொபெட்டுக்கு மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்தார். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் குங்குமம் தடவிய பூசணித் துண்டுகள் கிடந்தன. சுண்டல் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்ட சித்ராவிடம் ரஞ்சிதா, "என்னயக் கொஞ்சம் சும்மா உடறயா!" என்று கத்தினாள். உடனே வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. மூலையில் அவள் நோட்டு, மேலே ஒரு செம்பருத்தியோடு, நாலடி தூரத்தில் இருந்தது. இருபத்திரண்டு கோணல் படங்கள். அத்தனை கோணலும் இன்றோடு வீண். டைப்ரைட்டிங், இந்தி, தையல், அப்பறம் இது.

ராத்திரி கந்தவேல் முன்னறையிலேயே, ஃபேனுக்கு நேராகக் கட்டிலைப் போட்டுக்கொண்டு படுத்தார். பத்து மணிக்குள் குறட்டை வந்துவிட்டது. விடியும்வரை அணையக்கூடாது என்று விளக்கில் நிறைய எண்ணெய் விட்டுவிட்டுச் சித்ராவும் உள்ளே படுத்தாள். ரஞ்சிதா பாயில் கிடந்து போனைப் பார்த்தாள். பத்து நாற்பது. பத்து ஐம்பத்தைந்து. பதினொன்று பத்து.

எழுந்தாள்.

பூசை முன்னால் மண்டி போட்டுக் கும்பிட்டாள். அப்பாவுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது சாமி, ஆகறதுன்னா எனக்கு ஆகட்டும். சொன்ன மாத்திரத்தில் பயம் பிடித்தது. கைக்கு வேண்டாம். கால்ல எங்காச்சும். ஏற்கெனவே வீங்கியிருக்கிற விரலையே கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லலாமா என்றுகூட யோசித்தாள்.

செம்பருத்தி எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டு நோட்டை உருவினாள். பேனாக் கட்டையில் காய்ந்திருந்த சந்தனம் விரலில் உதிர்ந்தது. புட்டியின் மூடி இறுகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகியபோது டக்கென்று சத்தம். குறட்டை நின்றது. ரஞ்சிதா மூச்சை நிறுத்தினாள். குறட்டை திரும்பவும் ஓடத் தொடங்கியது.

என்ன போடுவது என்று யோசிக்க நேரமில்லை. 'கனம்'. எதிரில் பிட் இருந்தது, அதைப் போட்டாள். முகத்தில் இருந்த குண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி எண்ணிப் போட்டாள். பதினாறு. ஓரத்தில் ஒன்று உடைந்திருந்தது, உடைசலையும் போட்டாள். அதன் மேல் மாலை, சந்தனப் பொட்டு, சாய்ந்து கிடந்த கத்தரிக்கோல், விளக்கு. அவசரத்தில் இங்க் சொட்டிப் படத்தின் வலது பக்கம் காசளவுக்குப் பரவியது. போச்சு. தினமும் போகிற மாதிரி இன்றைக்கும் போச்சு. அழுகையை விழுங்கிக்கொண்டு அந்தச் சொட்டை இழுத்து இழுத்துக் கட்டிலுக்கு அடியில் இருந்த இருட்டாக ஆக்கினாள். இருட்டு வந்துவிட்டால் கட்டில் வேண்டும். கட்டில் சட்டத்தைப் போட்டாள். சட்டத்துக்கு வெளியே, பிட்டுக்கு ஒரு சாண் மேலே, அப்பாவின் இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் போட்டாள். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்.

பதினொன்று ஐம்பத்தொன்று. நிப்பைக் கழுவத் தண்ணீருக்கு நேரமில்லை. சமையலறை லைட்டைப் போட்டு, போட்டோ எடுத்து, அனுப்பினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்த கந்தவேலின் போன் டிங் என்றது. சட்டென்று லைட்டை அணைத்தாள். முன்னறையில் கட்டில் கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கை உள்ளே போயிருந்தது.

எல்லாவற்றையும் இருந்த இடத்தில், செம்பருத்தியை அதே பக்கம் பார்த்து, வைத்துவிட்டுப் பாயில் விழுந்த பிறகுதான் அது உறைத்தது. மாலை போட்ட பிட். பொட்டு. எரிகிற விளக்கு. தூங்குகிற கை. பூசைக்கு முன்னாலேயே போட்டுவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லக்கூட வழியில்லை. எப்போது போட்டது என்று படமே சொல்லும். அதைவிட இன்னொன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. நாளைக்குச் சாயங்காலம் அப்பா ரயில் ஏறுவார். ரெண்டு நாளில் ராடு தூக்குவார். அன்றைக்கு அவர் கை வைத்ததால் அவர் விரல் போனது. இன்றைக்குக் கை வைத்தது அவள். யார் விரல் போகும்? தூரத்தில் லாரி ஒன்று கியர் மாற்றும்போதெல்லாம் பாயில் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

விடிந்து, குளித்து, கந்தவேல் பூசையைப் பிரித்தார். பொருட்களை ஒவ்வொன்றாக அவரவர் கையில் கொடுத்தார். சித்ராவுக்குக் கத்தரிக்கோல். ரஞ்சிதாவுக்கு நோட்டும் பேனாவும். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து போனை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். படத்தை விரலால் பெரிதாக்கினார், நகர்த்தினார். பிட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, உதடு அசைய அதன் குண்டுகளை எண்ணினார்.

"எத்தன மணிக்கு எந்திரிச்சே?"

"பதினொண்ணு பத்துங்க."

"கையை எதுக்குப் போட்டே?"

"அங்க இருந்துச்சுங்க."

அவர் இடது கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். அறை விழும் என்று ரஞ்சிதா காத்திருந்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். விழாததால் அவளே உடைந்தாள்.

"இன்னைக்குப் போவாதீங்கப்பா."

"ஏன்?"

"நான் தொட்டுட்டேனுங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமுங்க. மெட்ராசு வேண்டாமுங்க. பி.காமே படிச்சுக்கறேனுங்க. போவாதீங்க."

"கிறுக்குப் புள்ள. உன்ற பேனாவுலயா நான் ராடு தூக்கறேன்? நீ கோடு இழுத்தா எனக்கு என்ன ஆவும்?" சத்தமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் பிட்டின் உடைந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போனார். அங்கிருந்து ரிக்கில் கூட வேலை செய்கிற ஆளோடு போன் பேசுவது உள்ளே கேட்டது.

"தனசேகரு, நீங்க வண்டி ஏறுங்க. நான் நாளைக்கு வாரேன். ஒண்ணுமில்லப்பா, ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஊட்டுல கொஞ்சம் வேல."

"என்னங்க வேல?" என்று சித்ரா சமையலறையிலிருந்து கேட்டாள். அவர் காது கேட்காதவர் மாதிரி செருப்பைத் தேடினார்.

ரஞ்சிதா வாசலுக்கு வந்தாள். "அப்பா. அது கணக்குல வருதுங்களா?"

"பன்னண்டுக்குள்ள வந்துச்சில்ல? வருது."

"அப்ப நான் செஞ்சது தப்பில்லீங்களா?"

"தப்புத்தான். அது வேற, இது வேற." செருப்பை மாட்டிக்கொண்டார். "எட்டு மிச்சம் இருக்குது. அதப் பாரு."

அதற்கு மேல் கேட்க எதுவுமில்லை. ஆனால் அவளுக்கு ஆறவில்லை. மன்னித்தாரா, பயந்தாரா, ஒன்றும் சொல்லாமல் சந்தைக்குப் போகிற மாதிரி போகிறாரே என்று எரிச்சலாக வந்தது. உள்ளே வந்து போனைப் பார்த்தாள். இருபத்திநாலாம் நாள் சொல்: 'மழை'.

இங்க்கில் பேனாவைத் தொட்டுத் தாளில் வைத்தாள். கோடு வரவில்லை. அழுத்தினாள். வரவில்லை. ராத்திரி கழுவாமல் வைத்த நிப்பில் இங்க்கும் சந்தனமும் சேர்ந்து கெட்டியாகக் காய்ந்திருந்தது. வெந்நீரில் போட்டாள். துணியால் துடைத்தாள். பிளேடால் சுரண்டினாள். இருப்பதே இந்த ஒரு நிப்தான். வேறு வேண்டுமென்றால் சேலத்துக்குப் போக வேண்டும், பண்டிகைக்குக் கடை திறந்திருக்காது. சுரண்டிய சுரண்டலில் முனை பிளந்து, ஒரு கோடு இழுத்தால் இரண்டு கோடாக விழுந்தது. நேற்று நடு ராத்திரியில் வந்த கை இன்று பட்டப்பகலில் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அத்தனை மழையும் இரட்டை இரட்டையாகப் பெய்தது.

மத்தியானம் அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தபோது, எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தபடியே அனுப்பினாள். அவர் சட்டைப்பையில் டிங் என்றது. எடுத்துப் பார்த்தார். போனைத் தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இது மழைங்களா, கருவேல முள்ளுங்களா?"

"மழைங்க."

"என்னமோ போ" என்றவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். "ஏழு."

ரஞ்சிதா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் பிளேடை எடுத்தாள்.